கீழ் மூலையில் ஒரு தமிழ் வரி

முழங்கால் வலியால் வேலையிலிருந்து நின்றபோது ஏணியையும் டிரில்லிங் மிஷினையும் உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன். எந்தக் கடைக்காரர் போனதும் சாயா வாங்கிக் கொடுப்பார், எவர் நாளைக்கு வா நாளைக்கு வா என்று செருப்பு தேய நடக்கவிடுவார் என்பதையெல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு கடையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. கேக் வெட்டிக் கைதட்டிக்கொண்டிருந்த கூட்டத்தில் சொல்கிற விஷயமில்லை அது. அதனால்தான் களமசேரியில் மகள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. தெரிந்தவர் வாசியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். நடுவில் யாரும் போனைப் பார்க்கக் கூடாது.

நம் தொழிலில் இரண்டு ஜாதி உண்டு. இடப்பள்ளியில் பெரிய மால்களில் சுவர் முழுக்கத் திரை வைத்து, அதில் நகையும் காரும் ஓடவிடுகிறவர்கள் ஒரு ஜாதி. நாம் மற்ற ஜாதி. வீட்டில் புது டிவி வாங்கியதும் கட்டிலுக்கடியில் தள்ளிய பழைய டிவியைத் துடைத்து, நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுவரில் மாட்டி, பின்னால் விரல் நீளத்தில் ஒரு குச்சியைச் செருகி, காசில்லாமல் கிடைக்கும் ஒரு செயலியை அதில் ஏற்றி, 'இன்றைய விலை' என்று ஓடவிடுகிறவர்கள். கடைக்காரர் கையைக் கடிக்காத செலவு. மட்டாஞ்சேரியில் இஞ்சி மூட்டைக் கிட்டங்கிக்கும் சாக்குக் கடைக்கும் நடுவில் மினுங்கும் சின்னத் திரைகளில் பாதி நான் மாட்டியவை. அந்தத் தெருவில் எனக்குப் பெயரே கிடையாது, 'டிவிச் சேச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை. இந்த அடுக்குமாடியில் நான் 'அம்மூம்மா', பாட்டி. அதுவும் நல்ல பெயர்தான், ஆனாலும் அந்தத் தெருவில் யாராவது ஒருதடவை 'டிவிச் சேச்சியே' என்று கத்திக் கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது.

நம் முதலாளியை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் வருவதற்கு முன்பே கடையை மகனிடம் விட்டுவிட்டுத் தேவராவில் வீட்டோடு ஓய்ந்துவிட்டார். மலையாளி. அவர் சொன்னதையெல்லாம் நான் தமிழில் சொல்கிறேன், நடுவே வரும் கெட்ட வார்த்தைகளை விட்டுவிடுகிறேன். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். கடைக்காரர் வாயிலிருந்து வராத எதுவும் போர்டில் வரக்கூடாது. இது என்ன பெரிய வேதமா என்று நானும் முதலில் நினைத்தேன். மீன் கடை விவகாரத்துக்குப் பிறகுதான் புரிந்தது.

மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் ஒரு மீன் கடைக்குத் திரை வைத்தோம். கடைக்காரருக்குத் தினமும் போனைத் தட்டிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. "மொத்தமா ஏத்தி வச்சிரு சேச்சி, அது பாட்டுக்கு ஓடட்டும்" என்றார். நானும் வாரம் முழுவதற்கும் முன்கூட்டியே ஏற்றி வைத்தேன். தினமும் காலையில் தானாக 'இன்று காலை வந்த நெய்மீன்' என்று படத்தோடு வரும். ஒருநாள் ஹர்த்தால். படகு இல்லை, லாரி இல்லை, ஐஸ் இல்லை. கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே படுத்துத் தூங்குகிறார். தலைக்கு மேலே திரை மட்டும் விழித்துக்கொண்டு, இன்று காலை வந்த நெய்மீன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. தெருவே திரண்டு போட்டோ எடுத்தது. 'நெய்மீன் ஹர்த்தாலுக்கு நீந்தியே வந்துச்சா சேட்டா?' என்று அடுத்த மழைக்காலம் வரை அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் டிவியைப் போட்டு உடைக்கவே வந்துவிட்டார்.

அன்றைக்கு முதலாளி என்னைத் திட்டவில்லை. "மோளே, திரைக்கு வெட்கம் கிடையாது. கடைக்காரருக்கு உண்டு" என்று மட்டும் சொன்னார். என்றைக்கோ ஏற்றி வைத்த வார்த்தை இன்றைக்குச் சொன்ன மாதிரியே பளிச்சென்று வந்து நிற்கும். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மேற்கொண்டு நான் சொல்லப்போவதெல்லாம் இதை வைத்துத்தான்.

இப்போது பாக்கியம் அக்காவின் கடை. பஜாரிலிருந்து படகுத்துறைக்குத் திரும்பும் முனையில் இருக்கும் பலகாரக் கடை. அச்சு முறுக்கு, நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து. அக்கா நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவர். வீட்டுக்காரர் தோப்பும்படியிலிருந்து மீன்பிடிக்கப் போகும் போட்டில் வேலை பார்த்தார். ஒரு மழைக்காலத்தில் போன போட்டு திரும்பவில்லை. கைக்குழந்தையாக இருந்த மகன் அனீஷை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு இரும்புச் சட்டியோடு அக்கா ஆரம்பித்த கடை அது. என் அப்பா கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிற வேலையிலிருந்தவர். அந்த முனையைக் கூட்டும்போது அக்கா கொடுக்கும் உடைந்த முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். அதனால் அந்தக் கடைக்குத் திரை மாட்டப் போனபோது எனக்கு வேலைக்குப் போகிற மாதிரியே இல்லை.

அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். கடைக்கு வருகிறவர்களோ மலையாளிகள். ஆகவே போர்டு மலையாளத்தில். தன் கடையின் போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தனக்கே தெரியாத கடைக்காரி கொச்சியில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். "நீ என்னத்த எழுதி வச்சிருக்கியோ, ஏ டிவிக்காரி. கடை விற்பனைக்குன்னு போட்டுராத" என்பார். அனீஷுக்கு மலையாளம்தான் கையெழுத்து, தமிழ் கோணல்மாணல். அவன்தான் விலை மாற்றுவது, படம் மாற்றுவது எல்லாம்.

பிறகு அவன் வளைகுடாவுக்குப் போனான். போகும்போது அம்மாவுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை. அவனுக்கு முதலில் வந்தது கடலில் எண்ணெய்க் குழாய் போடும் கப்பலில் வேலை. அக்கா கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. "கடல்ல கால வச்சேன்னா எனக்கு மகனே கெடையாது, போய்க்கோ" என்று சொல்லிவிட்டார். அவன் அதை விட்டுவிட்டு, கரையிலேயே ஒரு கிட்டங்கியில் வேலை தேடிக்கொண்டு போனான். போனவனுக்கு ரோஷம், போன் பண்ணவில்லை. இவருக்கு அதைவிட ரோஷம், இவரும் பண்ணவில்லை. ஆனால் போர்டை மட்டும் அவன் விடவில்லை. புறப்படும் அன்று என்னிடம் வந்து, "சேச்சி, பாஸ்வேர்டு என்கிட்டயே இருக்கட்டும். அங்கருந்து நான் மாத்திக்கிறேன். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது" என்றான். அங்கிருந்தே தினமும் விலை மாற்றினான்.

நான் செய்திருந்த போர்டின் கீழ் மூலையில் கடை போன் நம்பருக்கென்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கடைக்கு எவன் போன் பண்ணப்போகிறான் என்று அக்கா அதை எடுத்துவிடச் சொல்லியிருந்தார், கட்டம் காலியாகக் கிடந்தது. ஒருநாள் காலையில் அதில் தமிழில் ஒரு வரி வந்தது. 'அம்மா, சாப்பிட்டியா.'

நான் வேறொரு கடைக்குப் போகிற வழியில் பார்த்தேன். தெருவில் அத்தனை பேர் போகிறார்கள், வருகிறார்கள். மேலே சிப்ஸ் விலை, கீழே ஒரு மகன் கேட்கும் கேள்வி. வாசிக்கத் தெரிந்தவர்கள் அக்காவும் நானும்தான். அக்கா முகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அடுப்பின் முன்னால் நின்று மாவைப் பிழிந்துகொண்டே, திரையைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்டாம பின்ன? கேக்க வந்துட்டான் துரை" என்று சட்டியைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அதிலிருந்து தினமும் ஒரு வரி. 'முட்டு வலிக்குதா.' 'பச்சை சேலை கட்டு.' 'நெஞ்சு சளிக்கு ஆவி பிடி.' காலையில் கடை திறந்ததும் அக்கா முதலில் டிவியைப் போடுவார், பிறகுதான் அடுப்பு. பக்கத்து பெயிண்ட் கடைச் சேட்டன் அது ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். போனில் ஒரு வார்த்தை பேசாத இருவரும் தெருவைப் பார்த்துத் தொங்கும் போர்டில் குடும்பம் நடத்தினார்கள். நான் இத்தனை வருடம் மாட்டிய திரைகளில் அதைப்போல ஒன்று இல்லை.

அப்புறம் ஒரு மழைக்காலம். வேலியேற்றம் என்று இங்கே சொல்லும் கடல் ஏற்றமும் மழையும் சேர்ந்து பஜாரில் முழங்கால் அளவு தண்ணீர். அக்கா கடைப் படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஈரத்தில் அடாப்டர் போய்விட்டது என்று ஆள் அனுப்பினார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். மாற்றிவிட்டுத் திரையைப் போட்டேன். கீழ் மூலையில் அன்றைய வரி வந்தது. 'வெயில் அதிகம். மோர் குடி.'

அக்கா சிரித்தார். "பாத்தியா? அவனுக்கு அங்க வெயிலு. இங்க நாம தோணி விட்டுக்கிட்டுக் கெடக்கோம்னு மறந்துட்டான் பய."

நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ஹர்த்தால் நெய்மீன் ஞாபகம் வந்துவிட்டது. வெளியே வந்து ஒரு கடை ஓரமாக நின்று, போனில் செயலியைத் திறந்து பார்த்தேன். பராமரிப்புக்காக எல்லாக் கடையின் போர்டுக் கணக்கும் நமக்குத் திறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சித்திரையில் விஷு முடிந்த கையோடு, ஒரே நாளில், ஒரே மூச்சில், அவன் எல்லா வரிகளையும் ஏற்றி வைத்திருந்தான். விலையைக்கூட மாற்றாமல் அப்படியே ஓடவிட்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் உள்ளே வரவே இல்லை. அக்கா தினமும் காலையில் மகன் இன்றைக்கு எழுதினான் என்று நினைத்து வாசித்த ஒவ்வொரு வரியும் என்றைக்கோ எழுதியது. கடைசி வரி வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அவன் நம்பருக்குப் போட்டேன். அணைந்து கிடந்தது. மறுபடி மறுபடி போட்டேன். தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்த எனக்குக் கால் மட்டுமா குளிர்ந்தது? இந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று? திங்கட்கிழமை காலையில் அந்தக் கட்டம் காலியாக வரும். அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்குள் நான் என்ன செய்ய வேண்டும்?

நேரே தேவராவுக்குப் போனேன். முதலாளி அப்போதே உடம்புக்கு முடியாமல் சாய்வு நாற்காலியில் இருந்தார். முழுக்கக் கேட்டார். பிறகு, "நீயே ரெண்டு வரி எழுதிப் போடு மோளே. உனக்குத் தமிழ் தெரியும். அந்தப் பையன் சேதி தெரிகிற வரைக்கும் ஓடட்டும். எது மகன் எழுதினது, எது நீ எழுதினது என்று அந்த அம்மாவுக்குத் தெரியவா போகிறது?" என்றார்.

"கடைக்காரர் வாயிலேருந்து வராதது போர்டுல வரக்கூடாதுன்னு சொன்னது யாரு சார்?" என்று கேட்டேன்.

"அது மீனுக்குச் சொன்னது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மனசாட்சியைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போதே திங்கட்கிழமைக் கட்டத்தைத் திறந்து, 'அம்மா, சுகமா இருக்கேன்' என்று அடித்துவிட்டேன். அவன் எழுதுவது போலவே கொஞ்சம் கோணல் தமிழில். பதிக்கிற பொத்தானை அழுத்த மட்டும் விரல் வரவில்லை. அவன் சுகமாக இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. இல்லாமல் போயிருந்தால்? ஒரு தாய் செத்த மகனுக்குப் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு நிற்பதற்கு நான் காரணமாக இருந்திருப்பேன். அது ஒருநாளில் முடிகிற பொய்யும் இல்லை, நாளைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று என்று நான் எழுதிக்கொண்டே போக வேண்டும். தோப்பும்படிப் பாலத்தில் பஸ் ஏறும்போது அதை அழித்தேன். ஆனால் அழித்த கையோடு அழுகை வந்துவிட்டது, பக்கத்து சீட்டுப் பெண் என்னவென்று கேட்டாள்.

சனிக்கிழமை போனேன். அக்கா சட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. "அக்கா, அடுப்ப அணைச்சிட்டு இங்கிட்டு வாங்க" என்றேன்.

"என்னட்டி, டிவி போச்சா?"

"டிவி நல்லாத்தான் இருக்கு. நீங்க வாங்க."

அணைத்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். எல்லா வரியும் விஷு முடிந்தபோதே எழுதி வைத்தது, அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை, போன் அணைந்து கிடக்கிறது, நாளையோடு வரிகள் தீர்கின்றன. அவர் கத்துவார், மார்பில் அடித்துக்கொள்வார் என்று பெயிண்ட் கடைச் சேட்டனுக்குக்கூட ஜாடை காட்டி வைத்திருந்தேன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப மோர் குடின்னது?"

"அதுவும் அப்பவே எழுதினதுக்கா."

"எல்லாம் சேத்து ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல."

அக்கா கையிலிருந்த மாவைத் தட்டி உதறினார். பிறகு சொன்னார்: "அவன் கடலுக்குப் பெயிருக்கான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கரையில கெடக்கவன் அன்னன்னைக்கு ஆக்கித் திம்பான். கடலுக்குப் போறவன்தான் வீட்டுக்குச் சேத்து வச்சிட்டுப் போவான். இவங்கப்பன் போட்டுக்குப் போறதுக்கு முன்ன நாளு, நான் சொல்லாமலே வெறகக் கீறி அடுக்கிருவாரு. குடம் குடமா தண்ணி கோரி நெறச்சிருவாரு. திரும்பி வர வரைக்கும் எனக்குக் கொறவு வரக்கூடாதுல்லா? நெறஞ்ச குடத்தப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும், நாளைக்குக் கடலுன்னு." கையை நீட்டித் திரையைக் காட்டினார். "இதுவும் அதுதான். தண்ணி நெறச்சு வச்சிட்டுப் பெயிருக்கான் பாவி."

அவன் தங்கியிருந்த அறையில் கூட இருந்த ஒரு பையனின் நம்பரைத் தெருவில் நாலு பேரைக் கேட்டு வாங்கினோம். அக்கா சொன்னது அச்சு மாறாமல் சரி. கிட்டங்கி வேலை போய்விட்டது. பழைய குழாய்க் கப்பல் வேலையே மறுபடி கிடைத்தது. அம்மாவிடம் சொல்லப் பயந்து, தான் திரும்பும் நாளுக்கும் மேலே சில நாள் சேர்த்தே கணக்குப் பார்த்து வரிகளை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். "வர வேண்டிய நாள் கழிஞ்சு போச்சு அம்மே. கப்பல் தாமசிக்கிறதுதான், வேற ஒண்ணும் இருக்காது" என்றான் அந்தப் பையன். இருக்காது என்பதை அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்கும்தான்.

திங்கட்கிழமை காலை நான் கடைக்குப் போய் அக்கா பக்கத்திலேயே நின்றேன். டிவியைப் போட்டார். சிப்ஸ் வந்தது, முறுக்கு வந்தது. கீழ் மூலை வெறுமனே இருந்தது. "கடைப் பேரையாவது போடட்டுமாக்கா?" என்று கேட்டேன். "வேண்டாம். அவன் எடம்" என்றார். பிறகு அடுப்பைப் பற்றவைத்தார். அந்த வாரம் முழுக்க அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் கண் அந்தக் காலிக் கட்டத்துக்குத்தான் போகும். அவ்வளவு வெறுமையான இடத்தை நான் எந்த மாலின் சுவர்த்திரையிலும் பார்த்ததில்லை.

ஒரு வாரம் கழித்து அக்காவே கூப்பிட்டனுப்பினார். "நான் சொல்றத அந்தக் கட்டத்துல போட்டா அவனுக்குத் தெரியுமா?"

"அவன் எப்ப போன்ல தொறந்தாலும் தெரியும்க்கா. இந்த போர்டு அப்படியே அங்க வரும்."

"அப்ப எழுது." ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார். எருமைமாடு, பொய் சொல்லிப் பய, அப்பன் போன வழியிலயே போகணுமா, உன்னைப் பெத்த வயித்துல பெரண்டையை வச்சுக் கட்ட என்று அது பாட்டுக்குப் போனது. நான் பாதியில் நிறுத்தினேன். "அக்கா, கட்டம் சின்னது. ஒரு வரிதான் பிடிக்கும்."

"ஒரு வரியா?" என்று யோசித்தார். ஒரு வரிக்குள் நிற்கச் சொன்னால் மனிதர்கள் கடைசியில் எதை வைத்துக்கொள்கிறார்கள் என்று அன்றைக்குப் பார்த்தேன். திட்டெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. நெடுநேரம் கழித்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அதை அப்படியே போட்டேன். 'கோபம் இல்ல. கரைக்கு வா மக்கா.'

கடைக்காரி வாயிலிருந்து வந்தது. முதலாளியின் சட்டத்துக்கும் பங்கமில்லை.

புது எழுத்தைப் பார்த்துப் பெயிண்ட் கடைச் சேட்டன் எட்டிப்பார்த்தார். "எந்தா சேச்சி, புதிய ஓஃபரா?"

"ஆமா சேட்டா. ஒரு ஆளுக்கு மட்டும் உள்ள ஓஃபரு" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு அந்த டிவி அணையவே இல்லை. கடை பூட்டும்போது அணைக்க வேண்டும், ஒரே எழுத்து ஒரே இடத்தில் நின்றால் கண்ணாடியில் தடம் விழுந்துவிடும் என்று நான்தானே எல்லாக் கடையிலும் சொல்லிக்கொடுப்பேன். அக்காவிடமும் சொன்னேன். "அவன் பாக்குற நேரத்துல அணஞ்சு கெடந்தா?" என்றார். இங்கே அணைத்தாலும் அவனுக்கு அங்கே தெரியும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். காதில் ஏறவில்லை. கரண்டு போனால் என்ன செய்வது என்று ஒரு சின்ன இன்வெர்ட்டரும் வைக்கச் சொன்னார். வைத்துக் கொடுத்தேன். யாருமில்லாத பஜாரில் மழை கொட்டிக்கொண்டிருக்க, ஷட்டர் இடுக்கு வழியாக அந்த ஒரு வரி வெளியே வெளிச்சம் காட்டிக்கொண்டு நின்றது. அதைச் சரியான பராமரிப்பு என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தடுக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

மழை விட்டு, ஓணம் போய், ஐப்பசியின் துலா மழையும் வந்தது. ஒருநாள் காலையில் நான் வேறொரு கடையில் ஏணிமேல் நிற்கிறேன். கீழே பெயிண்ட் கடைச் சேட்டன் ஓடி வந்து, "டிவிச் சேச்சியே, ஒந்நு வா, எழுத்து மாறிப்போயி" என்று கத்துகிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, மாறியது தெரிந்துவிட்டது. நான் இறங்கி ஓடினேன். அந்த முழங்காலோடு எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கீழ் மூலையில், அவனுடைய கோணல்மாணல் தமிழில், 'கரைக்கு வந்துட்டேன். முந்திரிக்கொத்து எடுத்து வை.'

அக்கா சட்டி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அழுதார், திட்டினார், மறுபடி அழுதார். திட்டு எதுவும் வீணாகவில்லை, அன்றைக்கு விட்டதெல்லாம் வட்டியோடு வந்தது. பஜாரே வந்து நின்று பார்த்தது. அன்றைக்குக் கடைக்கு வந்தவர் யாருக்கும் விலை கிடையாது.

ஆனால் அவன் இன்னும் வரவில்லை பிள்ளைகளே. ஒப்பந்தம் முடியாமல் விட மாட்டார்கள். கரைக்கு வரும்போதெல்லாம் இப்போது போன் பண்ணுகிறான், அம்மாவும் பேசுகிறார். மறுபடி கப்பலுக்குப் போகும்போது சொல்லிவிட்டே போகிறான், வரிகளை முன்கூட்டி நிறைத்து வைப்பதில்லை. கடையில் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். முந்திரிக்கொத்து போடும்போதெல்லாம் முதலில் எடுப்பது அதற்குள் போகும். அடுத்த தடவை போடும்போது, பழையதை ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதியதை நிரப்புவார். அந்த டின்னிலிருந்து யாருக்கும் விற்க மாட்டார். எனக்குக்கூடத் தந்ததில்லை.

இனி அந்தக் கடைக்குப் போகப்போவது நீங்கள். போனால் திரையின் கீழ் மூலையை உற்றுப் பாருங்கள். மகனின் வரி அங்கேயே நிற்கும், அக்கா அதை மாற்ற விடவில்லை. அதற்குப் பின்னால், கண்ணாடியிலேயே மங்கலாக, இன்னொரு வரி தெரியும். அம்மாவின் வரி, ராவும் பகலும் நின்று பதிந்துபோனது. திரையில் என்ன படம் ஓடினாலும் அதன் அடியில், 'கரைக்கு வா மக்கா' என்று லேசாகத் தெரிந்துகொண்டேயிருக்கும். உங்கள் கண்ணுக்கு அது பழுதாகத் தெரியும். இந்த டிவி போய்விட்டது அம்மா, கம்மி விலையில் புதிது மாட்டித் தருகிறோம் என்று சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லாதீர்கள். அடாப்டர் போனால் மாற்றுங்கள், தூசு இருந்தால் துடையுங்கள். வேறெதையும் தொடாதீர்கள்.

ஒருநாள் அனீஷ் வந்து இறங்குவான். அந்த டின்னைத் திறந்து அவன் தின்ற பிறகு, புது டிவி மாட்டலாமா என்று அக்காவிடம் கேளுங்கள். அவர் சரி என்று சொன்னால் உடனே எனக்குச் சொல்லி அனுப்புங்கள். பழையதைக் கழற்ற நான் வருவேன். முழங்கால் கிடக்கட்டும், மேலே நான்தான் ஏறுவேன். நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டால் போதும்.